தரங்கம்பாடியை நடந்து பார்க்க: நகர வாயிலிலிருந்து கடற்கரைக் கோயில் வரை

தரங்கம்பாடிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வண்டியை நேராகக் கோட்டை வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். மதில்மேல் ஏறிக் கடல் தெரியும்படி படம் எடுத்துக்கொள்கிறார்கள், அலையில் கால் நனைக்கிறார்கள், அரை மணி நேரத்தில் திருநள்ளாறுக்கோ வேளாங்கண்ணிக்கோ கிளம்பிவிடுகிறார்கள். எந்த வாயிலுக்குள் நுழைந்து, எந்த வீதி வழியாக வந்தோம் என்பதே அவர்கள் மனதில் பதிவதில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிறது. தமிழகக் கடற்கரையில் மதில், வாயில், வீதி, கிறிஸ்தவ ஆலயம், கோட்டை, கோயில் அத்தனையும் ஒரு காலைப் பொழுதுக்குள் காலால் நடந்து பார்க்கும்படி அடுத்தடுத்து இருக்கும் ஊர்கள் மிகக் குறைவு.

முதன்முறையாக வருகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: கோட்டையில் தொடங்காதீர்கள். ஊரின் மேற்கே இருக்கும் நகர வாயிலில் தொடங்கி, ராஜ வீதி வழியாகக் கிழக்கே நடந்து, கோட்டையைப் பார்த்துவிட்டு, மாசிலாமணிநாதர் கோயிலில் முடியுங்கள். 1792-இல் கட்டிய வாயிலிலிருந்து 1306-இல் எழுந்த கோயில் வரை, ஏறத்தாழக் காலத்தில் பின்னோக்கியே நடந்துபோவீர்கள். மதிலையும் வீதியையும் பார்த்த பிறகு வந்தால்தான் அந்தக் கோட்டை எதைக் காத்து நின்றது என்பது விளங்கும்.

புறப்படுவதற்கு முன்

கிழமையை முதலில் பாருங்கள். கோட்டைக்குள் இருக்கும் தொல்லியல் துறை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிறு காலையில் ஆலயங்களில் ஆராதனை நடக்கும்; அந்த நேரத்தில் உள்ளே சுற்றிப் பார்ப்பது முறையல்ல. ஆகவே சனிக்கிழமை நல்லது. திங்கள் முதல் வியாழன் வரை வர முடிந்தால் இன்னும் நல்லது, வீதி அமைதியாக இருக்கும்.

மாதம் என்றால் மார்கழி, தை, மாசி. ஐப்பசியும் கார்த்திகையும் இந்தக் கடற்கரையில் அடைமழைக் காலம். புயல் எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான் புத்தி. சித்திரை, வைகாசியில் பத்து மணிக்குமேல் ராஜ வீதியில் நிழலே கிடைக்காது. வேறு வழியில்லை என்றால் விடிந்ததும் வந்துவிடுங்கள்.

ஊர் மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. 2020-இல் அந்த மாவட்டம் பிரியும் வரை நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. பழைய வழிகாட்டிப் புத்தகங்களில் அப்படித்தான் போட்டிருக்கும். ரயிலில் வருகிறவர்கள் மயிலாடுதுறைச் சந்திப்பில் இறங்க வேண்டும். அங்கிருந்து செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் பக்கத்து ஊரான பொறையாறுக்கு வரும் பஸ்கள் உண்டு. சுமார் 30 கிலோமீட்டர். ஒரு காலத்தில் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கே மீட்டர் கேஜ் ரயில் ஓடியது. 1926-இல் தொடங்கிய அந்தப் பாதையை 1980களில் மூடிவிட்டார்கள். மீண்டும் வேண்டும் என்று இந்தப் பகுதி மக்கள் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காரைக்காலிலிருந்து வருவது இன்னும் எளிது. சீர்காழிக்கும் காரைக்காலுக்கும் இடையே கடற்கரைச் சாலையில் ஓடும் பஸ்களில் ஏறி, தரங்கம்பாடி நிறுத்தம் என்று சொன்னால் பிரதான சாலையில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து நகர வாயில் நடை தூரம்தான்.

காலைச் சாப்பாட்டையும் கழிப்பறைத் தேவையையும் பொறையாறிலேயே முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள். பழைய ஊருக்குள் இந்த இரண்டையும் நம்பி நடக்க முடியாது. தண்ணீர், தொப்பி அல்லது குடை, சில்லறை நோட்டுகள் ஆகியவை கையில் இருக்கட்டும். கோயிலிலும் ஆலயத்திலும் கழற்ற வேண்டியிருப்பதால் ஷூவைவிடச் செருப்பு வசதி.

எட்டு மணிக்கு வாயிலில் நின்றால் பன்னிரண்டுக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். கோயில் நடை சாத்துவதற்கு முன்பும் போய்ச் சேரலாம்.

முதலில் நகர வாயில்

வெள்ளையடித்த இந்த வாயிலின் வழியாகத்தான் இன்றும் சாலை போகிறது. மோட்டார் சைக்கிளும் பள்ளி வேனும் இதற்குள் புகுந்துதான் ஊருக்குள் வருகின்றன. அதனால் நடுவில் நின்று அண்ணாந்து பார்க்காதீர்கள். ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள்.

இப்போது நிற்கும் வாயில் 1792-இல் புதுப்பித்துக் கட்டியது. அதற்கு முன்னால் இருந்த வாயிலும் ஊரைச் சுற்றிய மதிலும் 1660களைச் சேர்ந்தவை. அந்த மதிலின் கதையைத் தெரிந்துகொண்டு உள்ளே நுழைந்தால் ஊர் வேறு மாதிரி தெரியும்.

டென்மார்க் நாட்டவரான டேனியர்கள் வணிகத்துக்காக இங்கே 1620-இல் வந்தார்கள். இருபது ஆண்டுகளுக்குள் அவர்களுடைய வணிகக் கம்பெனி நொடித்துப்போனது. ஐரோப்பியப் போர்களில் சிக்கிய டென்மார்க், 1639-க்குப் பிறகு முப்பது ஆண்டுகள் ஒரு கப்பல்கூட அனுப்பவில்லை. இருந்தவர்களில் பலர் நோயில் இறந்தார்கள், சிலர் ஓடிப்போனார்கள். 1655-இல் எஸ்கில்ட் ஆண்டர்சன் காங்ஸ்பாக்கே என்ற எழுதப் படிக்கத் தெரியாத எளிய மனிதர் ஒருவர் கோட்டையின் பொறுப்பை ஏற்றார். ஒரு கட்டத்தில் இங்கே எஞ்சியிருந்த ஒரே டேனியர் அவர்தான். கப்பம் வரவில்லை என்று தஞ்சை நாயக்கரின் படை மீண்டும் மீண்டும் முற்றுகையிட்டது. அவரோ வங்கக்கடலில் போகும் கப்பல்களைப் பிடித்து, கிடைத்த பணத்தில் கோட்டையைப் பழுதுபார்த்தார். உள்ளூர் ஆட்களைக் கொண்டே சமாளித்தார். ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். கடைசியில் நாயக்கருடன் உடன்பாட்டுக்கும் வந்தார். 1669-இல் டென்மார்க்கிலிருந்து கப்பல் வந்தபோது கோட்டையில் கொடி பறந்துகொண்டிருந்தது. கப்பல்களைக் கொள்ளையடித்ததை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் இந்த ஊர் ஒரு ஊராக நிலைத்ததற்கு, கோபன்ஹேகனில் உட்கார்ந்திருந்த அரசரைவிட அவரும் அவரோடு நின்ற உள்ளூர் மக்களும்தான் காரணம். வாயிலில் நிற்கும்போது அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாயிலுக்கு அருகில் பழைய வீடுகளைச் சீரமைத்து விடுதியாக்கியிருப்பதைப் பார்ப்பீர்கள். இரவு தங்க எண்ணமிருந்தால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஊருக்குள் அறைகள் கொஞ்சம்தான்.

ராஜ வீதியை எப்படிப் பார்ப்பது

கிங்ஸ் ஸ்ட்ரீட் என்று வரைபடங்களில் வருவது இந்த வீதிதான். வேகமாக நடந்தால் பத்து நிமிடத்தில் கடற்கரைக்குப் போய்விடலாம். நீங்கள் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்க நடையோரத்தில் நின்று இடப்பக்க வீடுகளைப் பாருங்கள். பிறகு கடந்துபோய் மறுபக்கத்தைப் பாருங்கள். ஒட்டி நின்று பார்த்தால் கட்டடத்தின் உயரமும் தூண்களின் வரிசையும் பிடிபடாது.

பிறகு ஏதாவது ஒரு பழைய சுற்றுச்சுவருக்கு அருகே போங்கள். பூச்சு உதிர்ந்த இடமாகத் தேடிக்கொள்ளுங்கள், எளிதில் கிடைக்கும். உள்ளே இருக்கும் செங்கல் இன்றைய செங்கல்லைவிடத் தட்டையாக, மெலிந்து இருக்கும். இரண்டு செங்கல்லுக்கு நடுவில் இருக்கும் சாந்து வெளுப்பாகவும், விரல் நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும்படியும் இருக்கும் (சுரண்ட வேண்டாம், பார்த்தாலே தெரியும்). அது சுண்ணாம்புச் சாந்து. சில இடங்களில் அதற்குள் அரைபடாத கிளிஞ்சல் துணுக்கு வெள்ளையாக மின்னும். கடற்கரையில் கிடைத்த கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, மணலோடு அரைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

இப்போது அதே சுவரில் சாம்பல் நிறத்தில் ஒட்டுப்போட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அது சிமெண்ட். அந்த ஒட்டைச் சுற்றிச் செங்கல் அரித்து மாவாகிக் கிடப்பதையும் பார்ப்பீர்கள். காரணம் எளிமையானது. கடற்காற்றிலும் நிலத்தடியிலும் இருந்து உப்பு ஈரம் சுவருக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். பூச்சு உதிரும், மறுபடி பூசிக்கொள்ளலாம், சுவர் பிழைக்கும். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி அதை உள்ளிருந்தே உடைக்கும். நல்ல எண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பே பல பழைய வீடுகளைச் சாய்த்திருக்கிறது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்று அரிது. அந்தக் கைகளைக் காப்பாற்றாமல் கட்டடத்தை மட்டும் காப்பாற்ற முடியாது என்பது என் உறுதியான எண்ணம். இந்த ஒரு விஷயத்தைக் கண் பழகிக்கொண்டால், எந்தப் பழைய ஊருக்குப் போனாலும் எது அசல், எது ஒட்டு என்று உங்களுக்கே தெரியும்.

வீதியில் இருக்கும் பெரிய மாளிகைகள் டேனிஷ் அதிகாரிகளும் வணிகர்களும் வாழ்ந்தவை. அவற்றில் ரேலிங் மாளிகை இன்று புனித தெரசா கன்னியர் மடத்தின் வளாகத்தில் இருக்கிறது. கன்னியர்கள் வாழும் இடம், பிள்ளைகள் படிக்கும் இடம்; வெளியே நின்று தூண்களையும் தாழ்வாரத்தையும் பார்த்தால் போதும். உள்ளே பார்க்க விரும்பினால் அலுவலகத்தில் கேளுங்கள். மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

இத்தனை பழைய வீடுகள் இங்கே எப்படித் தப்பின என்று தோன்றும். ஊர் தளர்ந்ததால்தான் தப்பின. 1845-இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குப் பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றது. சில ஆண்டுகள் தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்த பிறகு அலுவலகங்கள் தஞ்சாவூருக்குப் போய்விட்டன. 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் துறைமுக வணிகம் அங்கே நகர்ந்தது. இடித்துப் புதிதாகக் கட்டப் பணமோ தேவையோ இங்கே யாருக்கும் இல்லாமல் போனது.

இரண்டு ஆலயங்கள்

ராஜ வீதியில் இரண்டு பழைய ஆலயங்கள் இருக்கின்றன. சீயோன் ஆலயம் 1701-இல் டேனியர்கள் தங்கள் வழிபாட்டுக்காகக் கட்டியது. பிறகு புதுப்பித்திருக்கிறார்கள். திறந்திருந்தால் உள்ளே போய்ச் சற்று உட்கார்ந்து வாருங்கள்.

அதிக நேரம் செலவிட வேண்டியது புதிய எருசலேம் ஆலயத்தில். 1706 ஜூலை 9 அன்று சோபியா ஹெட்விக் என்ற கப்பலில் இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் இங்கே வந்து இறங்கினார்கள்: பார்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்ரிக் புளூட்சௌ. அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். சீகன்பால்குக்கு அப்போது 23 வயது. சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். அடுத்த ஆண்டே தமிழ்ச் சபைக்கு என்று ஓர் ஆலயம் எழுப்பினார்கள். அது கடலில் போய்விட்டது. ஊருக்குள் சற்றுத் தள்ளிக் கட்டியதுதான் இந்தப் ‘புதிய’ எருசலேம். 1718 அக்டோபர் 11 அன்று திறந்தார்கள். நான்கு மாதங்களில், 1719 பிப்ரவரி 23 அன்று, சீகன்பால்க் தம் 36-ஆவது வயதில் இறந்தார். அவரை அடக்கம் செய்த இடம் ஆலயத்துக்குள், பலிபீடத்துக்கு முன்னால் இருக்கிறது.

உள்ளே நுழையும் முன் முகப்பை அண்ணாந்து பாருங்கள். கிரீடத்தோடு கூடிய பிரெடரிக் அரசரின் முத்திரை எழுத்தும் 1718 என்ற ஆண்டும் சுதையில் இருக்கும். பிறகு கட்டடத்தைச் சுற்றி ஒருமுறை நடந்துவாருங்கள். சிலுவை வடிவில் நான்கு கைகளாக நீளும் அமைப்பு அப்போதுதான் தெரியும். வளாகத்தில் பழைய கல்லறைகள் உண்டு. அவற்றின்மேல் உட்காராதீர்கள், காலை வைத்துப் படமெடுக்காதீர்கள். சொல்ல வேண்டாத விஷயம்தான், ஆனால் நடப்பதைப் பார்க்கும்போது சொல்லவேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு செய்தியைச் சரியாகத் தெரிந்துகொண்டு போக வேண்டும். ‘தமிழில் முதன்முதலில் நூல் அச்சான ஊர் இதுதான்’ என்று உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். தமிழ் எழுத்தில் அச்சான நூல் 1578-இலேயே கொல்லத்தில் வந்துவிட்டது. தரங்கம்பாடியின் பெருமை வேறு. ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றன. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். அருகே பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி வந்தது. இந்திய மொழி ஒன்றில் அதுவே முதல் முறை. இந்த உண்மையே போதுமான பெருமை.

சீகன்பால்க் மதம் பரப்ப வந்தவர். அதை மறைக்கத் தேவையில்லை. அதே மனிதர் உலக நீதியையும் கொன்றை வேந்தனையும் நீதி வெண்பாவையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி விரிவாக ஒரு நூல் எழுதி அனுப்பினார். அனுப்பிய இடத்தில் அதை விரும்பவில்லை, 1867-இல்தான் அச்சேறியது. அட்மிரல் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டைச் சீரமைத்து 2017-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அச்சுக்கலையிலும் தமிழிலும் ஆர்வமுள்ளவர்கள் அதற்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். மற்றவர்கள் ராஜ வீதியில் இருக்கும் அவருடைய சிலையைப் பார்த்துவிட்டு மேலே நடக்கலாம்.

கோட்டை

வீதி முடியும் இடத்தில் திடலும் அதற்கப்பால் கடலும் திறக்கும். அங்கே டான்ஸ்போர்க் கோட்டை நிற்கிறது. டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

டேனியர்கள் இங்கே வரத் திட்டமிடவே இல்லை. கண்டி அரசரின் தூதராகத் தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவரின் பேச்சை நம்பி, ஓவே கெட்டே என்ற இளம் தளபதியின் தலைமையில் 1618-இல் கப்பல்கள் இலங்கைக்குக் கிளம்பின. தூதர் வழியிலேயே இறந்தார். கண்டியில் காரியம் கைகூடவில்லை. முன்னால் வந்த கப்பலைக் காரைக்காலுக்கு அருகே போர்ச்சுகீசியர் அழித்தனர். அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே தஞ்சாவூர் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார். இரகுநாத நாயக்கருக்கோ போர்ச்சுகீசியருக்கு எதிராக இன்னொரு வணிகக் கூட்டம் கிடைத்தது நல்லதாகப் பட்டது. 1620 நவம்பரில் உடன்படிக்கை ஆயிற்று. ஆண்டுக்கு 3,111 ரூபாய் கப்பம். நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் டென்மார்க்கில் இருக்கிறது.

கோட்டையைப் பார்க்கும் முறை: முதலில் கீழ்த்தளம். வளைகூரை போட்ட அறைகள் வரிசையாக இருக்கும். சரக்குக் கிடங்கு, சமையலறை, வீரர்கள் தங்கிய இடம், சிறை என்று கீழே. கவர்னர், பாதிரியார், மூத்த வணிகர்கள் மேலே. வெளியே வெயில் கொளுத்தும்போது இந்த அறைகளுக்குள் வந்ததும் உடம்பில் படும் குளிர்ச்சியைக் கவனியுங்கள். சுவரின் தடிமனைக் கதவு நிலையில் கையை நீட்டிப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். சீகன்பால்க் இந்தக் கோட்டையில் நான்கு மாதம் அடைபட்டுக் கிடந்தார். அடைத்தவர் டேனிஷ் கவர்னரே. அரசர் அனுப்பிய ஆளை அரசரின் அதிகாரி சிறை வைத்தார். வணிகத்துக்கு வந்தவர்களுக்கும் மதப்பணிக்கு வந்தவர்களுக்கும் இடையில் இருந்த உரசல் அவ்வளவு.

பிறகு மாடி. ஒட்டகத் திமில் போலக் குவிந்த கூரைகளை இங்கேதான் பார்க்கிறோம். நடு மண்டபத்தில் தூணுக்குக் கீழே நின்று மேலே பாருங்கள். நான்கு குவிமாடங்களின் பாரமும் நடுவில் நிற்கும் அந்தத் தூணில் வந்து இறங்குவதைக் கண்ணாலேயே பின்தொடரலாம். இந்தக் கட்டடத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். இரும்போ கான்கிரீட்டோ இல்லாமல் செங்கல்லும் சுண்ணாம்புமாக நானூறு ஆண்டு கடற்காற்றைத் தாங்கிய வேலை. வடிவம் டேனியர்களுடையது, கட்டிய கைகள் இந்த ஊர்க் கொத்தர்களுடையவை.

அருங்காட்சியகத்தில் நாணயங்கள், பீங்கான், பழைய ஆவணங்கள் எல்லாம் இருக்கின்றன. நாணயங்களின்மீது டேனிஷ் அரசர்களின் முத்திரை எழுத்தைத் தேடுங்கள். ஆலய முகப்பில் சற்றுமுன் பார்த்த வகை எழுத்துதான். மதில்மேல் ஏறும்போது பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் தடுப்பு எல்லா இடத்திலும் இல்லை. சுவரில் பெயர் எழுதுகிறவர்களைக் கண்டால் காவலரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

திடலைச் சுற்றி

கோட்டைக்கு எதிரே, திடலின் மறுகரையில் டேனிஷ் கவர்னர் மாளிகை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கவர்னர்கள் கோட்டைக்குள் இருப்பதை விட்டுவிட்டு இங்கே வந்தார்கள். நெடுங்காலம் பாழடைந்து கிடந்த மாளிகையைத் தமிழ்நாடு தொல்லியல் துறையும் டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் சேர்ந்து சீரமைத்தன. உள்ளே விட்டால் பாருங்கள். விடாவிட்டால் தாழ்வாரத் தூண் வரிசையை எதிரே நின்று பார்த்தாலே நிறைவு.

கடலை ஒட்டி இருக்கும் பங்களா பிரிட்டிஷ் காலத்தைச் சேர்ந்தது. இப்போது விடுதி. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்த ஊரைக் கடுமையாகத் தாக்கியது. மீனவர் குடும்பங்கள் உயிரையும் வீட்டையும் படகையும் இழந்தன. அதற்குப் பிறகுதான் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும் டேனிஷ் அறக்கட்டளைகளும் இங்கே பழைய கட்டடங்களைச் சீரமைப்பதில் தீவிரமாக இறங்கின. பெரிய மாளிகைகளோடு நிறுத்தாமல், பொற்கொல்லர் தெருவில் இருந்த சாதாரண ஓட்டு வீடுகளையும் எடுத்துச் செய்தார்கள். நேரம் இருந்தால் அந்தத் தெருவுக்கு அவசியம் போங்கள். திண்ணை, மரத்தூண், நாட்டு ஓடு, உள்ளே முற்றம் என்று தமிழ் வீட்டின் இலக்கணம் அங்கே இருக்கிறது. மாளிகைகளில் வேலை செய்தவர்களும், அவர்களுக்குச் சரக்கு விற்றவர்களும் இப்படிப்பட்ட வீடுகளில்தான் வாழ்ந்தார்கள். இதைப் பார்க்காமல் போனால் ஊரில் பாதியைத்தான் பார்த்ததாக ஆகும்.

கடற்கரையில் ஓசோன் காற்று அதிகம், மூச்சுக்கு நல்லது என்று சொல்வார்கள். நம்ப வேண்டாம்; தரைமட்டத்தில் ஓசோன் அதிகமாக இருந்தால் அது நுரையீரலுக்குக் கெடுதல். இங்கே வீசுவது நல்ல உப்பங்காற்று, அதை அனுபவியுங்கள். கரையில் கொட்டிய பாறைகள் பாசி பிடித்து வழுக்கும். அலையும் இழுப்பும் பலமான கடல் இது, நீந்த இறங்காதீர்கள். வலை உலர்த்தும் இடத்தை மிதித்துக்கொண்டு போகாமல் சுற்றிப் போங்கள். மீனவர்களைப் படமெடுக்கும் முன் ‘எடுத்துக்கொள்ளலாமா, அண்ணே?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசியாகக் கோயில்

கரையோரமாக வடக்கே சில நிமிடம் நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. டேனியர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஒரு வணிகப் பட்டினம் இருந்ததற்கு இந்தக் கோயிலின் கல்வெட்டுதான் சாட்சி. அதில் ஊரின் பெயர் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் வருகிறது. கோட்டை கட்ட இடம் தேடி வந்தவர்கள் வெறும் மணல்மேட்டுக்கு வரவில்லை என்பதை இங்கே நின்று உணரலாம்.

கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. நெடுங்காலம் இடிந்த நிலையில் அலை அடிக்க நின்ற கோயிலை, கடலரிப்பைத் தடுக்கக் கற்களைக் கொட்டி, பின்னர் திருப்பணி செய்து எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். பழைய கல்லும் புதிய வேலையும் சேரும் இடத்தை ராஜ வீதிச் சுவரில் பழகிய கண்ணோடு பாருங்கள்.

நேரமும் உடலும் இடம் தராதவர்களுக்கு

முதியவர்களோடு வந்தால் முழு வீதியையும் நடக்கவைக்க வேண்டாம். வாயிலை வண்டியிலிருந்தே காட்டிவிட்டு, புதிய எருசலேம் ஆலயத்தில் இறங்குங்கள். பிறகு கோட்டைத் திடல் வரை வண்டியிலேயே போகலாம். கோட்டை மாடிக்கு ஏறுவது முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம். கீழ்த்தளமே அவர்களுக்குப் போதும். ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் வாயில், புதிய எருசலேம் ஆலயம், கோட்டையின் நடு மண்டபம் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு வருகிறவர்கள் ஒரு காகிதமும் பென்சிலும் கொடுத்து, கட்டடங்களில் தென்படும் ஆண்டுகளையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். 1718-உம் 1792-உம் தாங்களே கண்டுபிடித்தது என்று ஆகும்போது அவர்கள் அலுத்துக்கொள்வதில்லை.

நடை முடிந்ததும் மதியச் சாப்பாட்டுக்குப் பொறையாறுக்குத் திரும்பிவிடுங்கள். அங்கிருந்து திருக்கடையூர் எட்டுக் கிலோமீட்டர்தான். அமிர்தகடேஸ்வரர் கோயில் மாலை நடை திறக்கும் வரை ஓய்வெடுத்துவிட்டு அங்கே போகலாம். மயிலாடுதுறைக்குத் திரும்பும் பஸ்ஸும் அந்த வழியாகத்தான் போகிறது.